பத்துப் பேர், ஒரு பந்து: கென்டக்கி 2014-15

2014 டிசம்பர் 20, சிகாகோ. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கென்டக்கியும் யு.சி.எல்.ஏ.வும் மோதிய ஆட்டத்தின் இடைவேளையில் ஸ்கோர்போர்டைப் பார்த்தவர்களுக்கு அது பழுதாகிவிட்டதோ என்ற சந்தேகமே வந்திருக்கும். 41–7. யு.சி.எல்.ஏ. ஒன்றும் லேசுப்பட்ட கல்லூரி இல்லை, 11 தேசியப் பட்டங்கள் வென்ற இடம். அந்த அணி 20 நிமிடத்தில் எடுத்தது 7 புள்ளி. முதல் 17 ஷாட்டில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆட்டம் 83–44 என்று முடிந்தது.

அதற்கு ஒன்பது நாள் முன்புதான் கென்டக்கியின் முக்கிய வீரர் ஒருவர் முழங்கால் தசைநார் அறுந்து சீசனையே இழந்திருந்தார். ஆட்டத்தைப் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்காது.

அதே அணி 2015 ஏப்ரல் 4 அன்று இண்டியானாபொலிஸில், தேசியப் போட்டி அரையிறுதியின் கடைசி நிமிடங்களில், ஒன்றல்ல இரண்டல்ல, மூன்று முறை அடுத்தடுத்து ஷாட் எடுக்க அப்போது கொடுக்கப்பட்டிருந்த 35 விநாடி தீரும்வரை பந்தை வைத்துக்கொண்டு ஒரு ஷாட்கூட எடுக்க முடியாமல் நின்றது. ஆள்பலம் என்றால் என்ன, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று யோசிக்க இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சீசன் தொடங்கும் முன்பே அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கு வாங்கி 25 அணிகளின் பட்டியல் போடும். ஒரு பந்துகூட இன்னும் மேலே எறியப்பட்டிருக்காது. வாக்களிப்பவர் பார்ப்பதெல்லாம் பெயர்களைத்தான்: யார் திரும்பி வருகிறார்கள், யார் புதிதாகச் சேர்கிறார்கள். 2014 இலையுதிர்காலத்தில் அந்தப் பட்டியலில் கென்டக்கி 1, அரிசோனா 2, விஸ்கான்சின் 3, டியூக் 4, கான்சாஸ் 5. (மூன்றாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

கென்டக்கி அதற்கு முந்தைய ஆண்டும் முதலிடத்தில்தான் தொடங்கியது. சீசன் தொடங்கும் முன்பே, கென்டக்கி பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டனில் ‘40–0’ என்று அச்சடித்த டி-ஷர்ட்டுகள் விற்றன. தோல்வியே இல்லாமல் 40 ஆட்டம் வெல்லும் ஒரு அணிக்குப் பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்ற ஆசையைப் பயிற்சியாளர் ஜான் கேலிபாரியே வெளியில் சொன்னவர்தான். மூன்றாவது ஆட்டத்திலேயே மிச்சிகன் ஸ்டேட்டிடம் 78–74 என்று தோற்றார்கள். அப்புறம் தடுமாறித் தடுமாறி, தேசியப் போட்டிக்கு எட்டாம் நிலை அணியாகப் போய், யாரும் எதிர்பாராமல் இறுதி ஆட்டம் வரை வந்து, கனெக்டிகட்டிடம் 60–54 என்று விட்டார்கள். அந்த ஓட்டத்தில் அரையிறுதியில் 5.7 விநாடி மிச்சமிருக்க ஆரன் ஹாரிசன் தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளி ஷாட்டில் 74–73 என்று வீழ்ந்த அணி விஸ்கான்சின்.

அந்த இறுதித் தோல்விக்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் விதை. கேலிபாரியின் கென்டக்கியில் வழக்கம் வேறு. பள்ளி முடித்த பெரும் திறமைசாலிகள் ஓராண்டு வந்து ஆடிவிட்டு நேராகத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. போய்விடுவார்கள். ஆனால் 2014 வசந்தத்தில் ஜூலியஸ் ராண்டிலும் ஜேம்ஸ் யங்கும் மட்டுமே கிளம்பினார்கள். ஹாரிசன் இரட்டையர் ஆண்ட்ரூவும் ஆரனும், ஏழடி உயர வில்லி காலி-ஸ்டைன், அலெக்ஸ் பாய்த்ரெஸ், டகாரி ஜான்சன், மார்கஸ் லீ என்று மற்றவர்கள் எல்லோரும் தங்கிவிட்டார்கள். அவர்கள் போய்விடுவார்கள் என்ற கணக்கில் ஏற்கெனவே நான்கு புதியவர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள்: கார்ல்-ஆந்தனி டவுன்ஸ், ட்ரே லைல்ஸ், டெவின் புக்கர், டைலர் யூலிஸ்.

விருந்துக்குப் பழையவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்துப் புதியவர்களை அழைத்தாகிவிட்டது. எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளி மாணவர்களில் மிகச் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுக்கும் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் அணிக்குத் தேர்வானவர்கள் மட்டும் அந்த ஒரே கல்லூரியில் ஒன்பது பேர். பத்தாவது ஆளான காலி-ஸ்டைன் அந்தப் பட்டியலில் இல்லாதவர். சீசன் முடிவில் நாட்டின் முதல் ஐவரில் ஒருவராகத் தேர்வானது அவர்தான்! பட்டியல்களை நம்புகிறவர்களுக்கு இது ஒரு சின்னக் குட்டு.

200 நிமிடம்

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு பயிற்சியாளர் பங்கிட்டுக் கொடுக்க இருப்பது மொத்தம் 200 நிமிடம், ஒரு நிமிடம் கூடாது. நல்ல வீரர் ஒருவர் சாதாரணமாக 32 முதல் 35 நிமிடம் எதிர்பார்ப்பார். அப்படி ஆறு பேருக்குக் கொடுத்தாலே பானை காலி. பத்துப் பேரும் அதற்குத் தகுதியானவர்கள் என்றால் என்ன செய்வது?

அது வெறும் ஆட்ட நுணுக்கச் சிக்கல் இல்லை, வாழ்க்கைப் பிரச்சினை. பத்துப் பேரும் என்.பி.ஏ. கனவோடு வந்தவர்கள். நிமிடம் குறைந்தால் புள்ளி குறையும், புள்ளி குறைந்தால் பெயர் அடிபடாது, பெயர் அடிபடாவிட்டால் என்.பி.ஏ. அணிகள் புதியவர்களை ஒவ்வொருவராக எடுக்கும் தேர்வு வரிசையில் கீழே போவோம் என்ற பயம் பையனைவிட அவன் வீட்டாருக்கு அதிகம். கேலிபாரிக்கு இது நன்றாகத் தெரியும். அக்டோபரில் என்.பி.ஏ. அணிகளின் ஆள்தேடுவோரை லெக்சிங்டனுக்கே வரவழைத்து, பையன்களை அளந்து, ஓடவிட்டு, தாண்டவிட்டுக் காட்டினார். ஆட்டத்தில் 20 நிமிடம்தான் கிடைக்கும், ஆனால் பார்க்க வேண்டியவர்கள் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லும் ஏற்பாடு அது. எந்த ஆட்ட வியூகத்தையும்விடக் கெட்டிக்காரத்தனமான வேலை என்று இதையே சொல்வேன்.

ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டுப் பயணம் போகலாம், அதற்கென்று கூடுதலாகப் பத்து நாள் பயிற்சியும் உண்டு என்பது விதி. காலி-ஸ்டைனும் லைல்ஸும் காயத்தால் ஆடவில்லை. ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. ஒன்றில் டொமினிக்கன் குடியரசு அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. எதிரே நின்றவர்கள் வளர்ந்த ஆட்கள், தொழில்முறை வீரர்கள். அங்கேதான் இரண்டு ஐவர் குழு யோசனை சோதித்துப் பார்க்கப்பட்டது.

யோசனை எளிது. ‘நீல’ ஐவர்: ஹாரிசன் இரட்டையர், பாய்த்ரெஸ், டவுன்ஸ், காலி-ஸ்டைன். ‘வெள்ளை’ ஐவர்: யூலிஸ், புக்கர், லைல்ஸ், லீ, ஜான்சன். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாக ஐந்து பேர் வெளியே, ஐந்து பேர் உள்ளே. கல்லூரி ஆட்டத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு விளம்பர இடைவேளை வரும் என்பதால் அந்தத் தாளத்தோடு இது இயல்பாகவே பொருந்திப்போனது. ஆளுக்கு 20 நிமிடம், பத்துப் பேருக்கு 200. கணக்கு நேராகிவிட்டது.

நவம்பர் 18 அன்று கான்சாஸ் இதில் மாட்டிக்கொண்டது. நாட்டின் ஐந்தாவது அணி என்று சீசனைத் தொடங்கிய கான்சாஸ் அன்று 56 ஷாட் எடுத்து 11 மட்டும் போட்டது. ஸ்கோர் 72–40. டவுன்ஸையும் காலி-ஸ்டைனையும் தாண்டிப் போட முடியாமல் மூச்சு வாங்கி நிற்கும்போது அவர்கள் போய் உட்கார, அதே உயரத்தில் ஓய்வெடுத்த கால்களோடு ஜான்சனும் லைல்ஸும் இறங்கி வருவார்கள். வழக்கமாக எதிரணி மூச்சுவிட்டுக்கொள்வது மாற்று வீரர்கள் உள்ளே வரும்போதுதான். கென்டக்கியில் இரண்டாம் பந்திக்கும் சாப்பாடு சூடாகவே வந்தது.

டிசம்பர் 11

கொலம்பியா என்ற சிறிய அணி டிசம்பர் 10 அன்று லெக்சிங்டனுக்கு வந்து முதல் 11 புள்ளிகளையும் தானே எடுத்தது. கென்டக்கி கடைசியில் 56–46 என்று ஜெயித்தது என்றாலும் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார்கள் கொலம்பியாக்காரர்கள். ஐந்து பேரும் மந்தமாக இருந்தால் ஐவரையும் சேர்த்தேதான் சுமக்க வேண்டும். யார் நன்றாக ஆடுகிறார் என்று பார்த்து அவரை மட்டும் நிறுத்திவைக்கும் வழி அந்த ஏற்பாட்டில் கிடையாது.

மறுநாள் பயிற்சியில் பாய்த்ரெஸின் முழங்கால் போனது. எட்டு ஆட்டத்தோடு அவர் சீசன் முடிந்தது.

வேறு எந்த அணியாக இருந்தாலும் மூன்றாம் ஆண்டு முன்கள வீரர் ஒருவரை இழந்தால் ஜனவரி முழுக்கத் தள்ளாடும். கென்டக்கி இரண்டு நாள் கழித்து நார்த் கரோலினாவை 84–70 என்று வென்றது. அடுத்த வாரம் அந்த 41–7. ஆள்பலத்தின் உண்மையான பயன் இதுதான் என்பது என் கணிப்பு. அது ஆட்டத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் வித்தை இல்லை, ஒரு காப்பீடு. ஒரு தூண் விழுந்தது, கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்றோடு இரண்டு ஐவர் திட்டம் சத்தமில்லாமல் செத்துப்போனது. ஒன்பது பேரை இரண்டு ஐந்தாகப் பிரிக்க முடியாதே. டிசம்பர் 27 அன்று லூயிவில்லில் 58–50 என்று வென்ற ஆட்டத்தில் இது கண்ணுக்குத் தெரிந்தது. அணியிலேயே குட்டையானவர், 5 அடி 9 அங்குல யூலிஸ், கண்ணருகே கிழிந்து ரத்தம் வழிய ஆடி 14 புள்ளி எடுத்தார். நிமிடம் முடிந்துவிட்டது, வெள்ளைக் குழுவோடு வந்து உட்கார் என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆட்டம் இறுகும்போது குழுக் கணக்கு தானாகவே கரைந்து, யாருக்கு அன்று கை ஓடுகிறதோ அவர் உள்ளே நிற்பது வழக்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகும் சமத்துவம் ஓரளவு தொடர்ந்தது. சீசன் முடிவில் சராசரியாக 26 நிமிடம் ஆடியவர்கூட அணியில் ஒருவர் இல்லை. புள்ளியில் முதலிடம் ஆரன் ஹாரிசன், ஆட்டத்துக்கு 11. என்.பி.ஏ.வின் அடுத்த முதல் தேர்வாகப் போகிற டவுன்ஸ் 21 நிமிடம்தான் ஆடினார். புக்கர் ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. தங்கள் பிராந்தியமான எஸ்.இ.சி.யின் சிறந்த ஆறாவது ஆள் என்ற விருதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் இதை மனக்கசப்பு வெளியே தெரியாமல் ஒரு சீசன் முழுக்கத் தாங்கியதுதான் 38 வெற்றியைவிட எனக்கு ஆச்சரியம்.

நெருக்கடியே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜனவரியில் ஓல் மிஸ்ஸோடு கூடுதல் நேரம் போய் 89–86, டெக்சஸ் ஏ அண்ட் எம்மோடு இரண்டு கூடுதல் நேரம் போய் 70–64, பிப்ரவரியில் எல்.எஸ்.யு.வோடு 71–69. தேசியப் போட்டியில் வெஸ்ட் வர்ஜீனியாவை 78–39 என்று நசுக்கினார்கள். கென்டக்கியின் முதல் தோல்வி நாளை என்று முந்தைய நாள் சொல்லிவிட்டு வந்த எதிரணி வீரர் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, பாவம். அடுத்து கிளீவ்லாண்டில் நோட்ரே டேம். டவுன்ஸ் 25 புள்ளி. சமநிலையில் 6 விநாடி மிச்சமிருக்க ஆண்ட்ரூ ஹாரிசன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். கடைசி ஷாட்டுக்காகப் பந்தோடு மூலைக்கு ஓடிய ஜெரியன் கிராண்டை ஏழடி காலி-ஸ்டைன், வெளிவட்டத்தில் ஆடும் வேகமான கார்டு ஒருவரைப் போலத் துரத்திக்கொண்டே போனார். ஷாட் விழவில்லை. 68–66. கணக்கு 38–0.

இந்த ஆட்டத்தைக் கவனமாகப் பார்த்தால் கென்டக்கி பிழைத்தது பத்துப் பேரால் அல்ல என்பது தெரியும். பந்தை உள்ளே டவுன்ஸிடம் கொடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்ற பழைய பாணியில்தான் பிழைத்தார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒன்றுமில்லை

அரையிறுதியில் மறுபடியும் விஸ்கான்சின். பயிற்சியாளர் போ ரயனின் அணி கென்டக்கிக்கு நேரெதிர் வார்ப்பு. கடைசி ஆண்டு மாணவர் ஃபிராங்க் கமின்ஸ்கி, ஐந்தாம் ஆண்டு ஜாஷ் காசர், மூன்றாம் ஆண்டு சாம் டெக்கர், இரண்டாம் ஆண்டு நைஜல் ஹேய்ஸும் பிரான்சன் கோனிக்கும். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான் ஆள்பலம். கோனிக்கே ஜனவரியில் டிரேவன் ஜாக்சன் காயம்பட்ட பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். ஆனால் முந்தைய ஆண்டு அந்த 5.7 விநாடியை அனுபவித்துவிட்டு, ஓராண்டு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தவர்கள்.

இடைவேளையில் 36–36. ஆறரை நிமிடம் மிச்சமிருக்கும்போது கென்டக்கி 60–56 என்று முன்னால் நின்றது. அந்த இடத்தில் கென்டக்கியின் வண்டி நின்றுவிட்டது. அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மேல் அவர்களுக்கு ஒரு கூடைகூட விழவில்லை. முதல் முறை பந்து வெளிவட்டத்தில் கைமாறி, தரையில் தட்டப்பட்டு, 35 விநாடி ஓடியது, ஒலிப்பான் அடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே. டவுன்ஸ் அன்று 16 புள்ளி, அணியிலேயே அவர்தான் அதிகம். அவரிடம் பந்து போய்ச் சேரும் வழியை விஸ்கான்சின் அடைத்திருந்தது, வேறு வழி யார் கையில் என்பது முடிவாகவில்லை. கிராமத்தில் சொல்வார்களே, ஆள் கூடினால் பாம்பு சாகாது என்று, அதுதான் நடந்தது. ஹாரிசன்கள் அடிப்பார்கள் என்று புக்கரும், டவுன்ஸ் அடிப்பார் என்று ஹாரிசன்களும் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

ஹேய்ஸ் 60–60 ஆக்கினார். அந்த ஷாட் நேரம் கடந்து எடுக்கப்பட்டது என்ற சர்ச்சை இன்றும் உண்டு. எனக்கும் அது தாமதமாகத்தான் தெரிகிறது, ஆனால் தோல்விக்கு அதைக் காரணம் சொல்வது நியாயமில்லை. 1 நிமிடம் 41 விநாடி இருக்கும்போது டெக்கர் ஒரு அடி பின்வாங்கி மூன்று புள்ளி போட்டார், 63–60. முடிவில் 71–64. கமின்ஸ்கி 20 புள்ளி, 11 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ரீபவுண்டில் மொத்தம் விஸ்கான்சின் 34, கென்டக்கி 22. இரண்டு ஏழடிக்காரர்களும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இன்னும் இருவரும் இருந்த அணிக்கு இந்த எண் பெரிய அவமானம். ஆள்பலம் பற்றிய பேச்சில் யாரும் இதைச் சொல்வதில்லை. ஷாட் எடுக்காத மூன்று தடவையைவிட, விடுபட்ட பந்துகளை எடுக்காததே அதிக சேதம் செய்தது என்று வாதிடவும் இடமிருக்கிறது.

1991-லும் இதே ஊரில், அரையிறுதியில்தான், 34–0 என்று வந்த யு.என்.எல்.வி. டியூக்கிடம் 79–77 என்று விழுந்தது. 1976-இன் இண்டியானாவுக்குப் பிறகு தோல்வியே இல்லாத ஆண்கள் சாம்பியன் இல்லை என்ற நிலை அப்படியே தொடர்ந்தது. இரண்டு நாள் கழித்து டியூக் விஸ்கான்சினை 68–63 என்று வென்று பட்டத்தைத் தூக்கியது.

தவறு எது

பத்துப் பேர் இருந்ததால் தோற்றார்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 39 ஆட்டத்தில் ஒரு தோல்வி என்பது தோல்வித் திட்டம் ஆகாது. ஒற்றை ஆட்டத்தில் வெளியேற்றும் போட்டியில் யாரும் ஒருநாள் விழலாம். ஆனால் நிமிடங்களைப் பங்கிட்டதில் ஒரு வேலை செய்யப்படாமலே கிடந்தது: கடைசி நான்கு நிமிடத்துக்கு நமது ஐவர் யார், அதில் பந்து முதலில் யார் கைக்குப் போகும் என்பது. பல ஆட்டங்களில் 20, 30 புள்ளி முன்னிலை இருந்ததால் அந்தக் கேள்வி எழவே இல்லை. விஸ்கான்சினின் ஐவருக்கோ அதற்கு விடை பழக்கத்திலேயே இருந்தது.

2012-இல் இதே கேலிபாரி பட்டம் வென்ற அணியில் முக்கியமாக ஆடியவர்கள் ஏழு பேர்தான். ஆந்தனி டேவிஸ் இறுதி ஆட்டத்தில் 6 புள்ளி மட்டும் எடுத்து, 16 ரீபவுண்ட் பிடித்தார். யார் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அணியில் குழப்பமில்லாமல் இருந்தது. முதலிடத்தில் தொடங்கிப் பட்டத்தோடு முடித்த ஃபுளோரிடாவும் (2006-07) நார்த் கரோலினாவும் (2008-09) அப்படித்தான். கூடவே ஆடிப் பழகிய தொடக்க வீரர்கள் திரும்பி வந்த அணிகள் அவை.

அதற்காக ஆள்பலம் வேண்டாம் என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கு 2022-23 நார்த் கரோலினாவைக் காட்டலாம். முந்தைய ஆண்டு ஐந்து பேரையே நம்பி இறுதி ஆட்டம் வரை வந்து கான்சாஸிடம் 72–69 என்று தோற்றது. அந்த ஐவரில் நால்வர் திரும்பியதால் மறு ஆண்டு பட்டியலில் முதலிடம். அயோவா ஸ்டேட், நான்கு கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் அலபாமா, இண்டியானா, வர்ஜீனியா டெக் என்று வரிசையாக நான்கு தோல்வி. முடிவில் 20–13. தேசியப் போட்டி 1985-இல் 64 அணியாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கிவிட்டு அதில் நுழையவே முடியாத முதல் அணி அதுதான். வெளியே எடுக்க முடியாத ஐவர் சரியாக ஆடாதபோது பயிற்சியாளருக்கு வேறு கருவியே இல்லை. கென்டக்கிக்கு டிசம்பர் 11 அன்று இருந்தது.

2015 ஜூனில் டவுன்ஸ் முதல் தேர்வு, காலி-ஸ்டைன் 6, லைல்ஸ் 12, புக்கர் 13, ஆண்ட்ரூ ஹாரிசன் 44, ஜான்சன் 48. நிமிடம் குறைந்தால் பெயர் கெடும் என்ற பயம் பெரும்பாலோர் விஷயத்தில் பொய்யானது. ஆரனை மட்டும் யாரும் தேர்வு செய்யவில்லை. ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லாத புக்கர் 2017 மார்ச்சில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே என்.பி.ஏ. ஆட்டத்தில் 70 புள்ளி போட்டார்.

லெக்சிங்டனில் யூலிஸ் தங்கினார். அடுத்த சீசனில் சராசரி 24 நிமிடத்திலிருந்து கிட்டத்தட்ட 37-க்குப் போனார். உட்காரவே நேரமில்லை. எஸ்.இ.சி.யின் சிறந்த வீரரானார். அந்த அணி தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் இண்டியானாவிடம் 73–67 என்று தோற்று வீடு திரும்பியது.